இருமவில்லை என்றால் ஒழுங்காக விழுங்குகிறார் என்று அர்த்தமா? ஸ்ட்ரோக், பார்க்கின்சன் நோயாளிகளின் விழுங்கல் கோளாறு: பரிசோதனை, கெட்டியாக்கி, பயிற்சி

#1 நியூரோ_பிஜி

பல வார்டுகளில் இன்றும் நடைமுறை இதுதான். ஸ்ட்ரோக் நோயாளி வந்ததும் டங் டிப்ரஸரால் தொண்டையைத் தொட்டு ஓங்கரிப்பு வருகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு இரண்டு ஸ்பூன் தண்ணீர். புரையேறினால் ரைல்ஸ் டியூப் (மூக்குவழி வயிற்றுக்குப் போகும் உணவுக் குழாய்), ஏறவில்லை என்றால் கஞ்சி. டியூபை எடுக்கும்போது "கெட்டியாகக் கொடுங்கள்" என்று ஒரு வரி எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

இதில் எதற்கு ஆய்வு ஆதாரம் இருக்கிறது, எது வெறும் பழக்கம்? குறிப்பாக மூன்று விஷயங்கள்: படுக்கையருகே எந்தப் பரிசோதனை நம்பகமானது, திரவத்தில் கலக்கும் கெட்டியாக்கி நிமோனியாவைத் தடுக்கிறதா, கழுத்தில் ஒட்டும் கரண்ட் மெஷினுக்குப் பலன் உண்டா.

#2 தொண்டைவழி (ஸ்பீச் தெரபி)

ஓங்கரிப்பை முதலில் ஒதுக்கிவிடுங்கள் டாக்டர். ஆரோக்கியமாக இருப்பவர்களிலேயே பலருக்கு அது வராது. அது இருந்தும் மூச்சுக்குழலுக்குள் உணவை இறக்குகிறவர்கள் உண்டு. விழுங்கும்போது குரல்வளை மூடுகிறதா என்பதை அது காட்டாது.

எவ்வளவு உன்னிப்பாகப் பார்க்கிறோமோ அவ்வளவு கோளாறு தெரியும் என்பதற்கு மார்டினோ குழு 2005-ல் தொகுத்த எண்களைப் பாருங்கள். ஸ்ட்ரோக் நோயாளிகளில் எளிய ஸ்கிரீனிங்கில் 37–45%, முழுமையான மருத்துவப் பரிசோதனையில் 51–55%, கருவி கொண்டு பார்த்தால் 64–78%. இடைவெளியில் விழுகிறவர்கள்தான் நாம் "நன்றாகச் சாப்பிடுகிறார்" என்று எழுதிவிடும் ஆட்கள். அதே தொகுப்பில், விழுங்கல் கோளாறு இருந்தால் நிமோனியா அபாயம் சுமார் 3 மடங்கு. உணவு மூச்சுக்குழலுக்குள் போவது உறுதியானால் சுமார் 11 மடங்கு.

படுக்கையருகே நான் பரிந்துரைப்பது 2007-ல் ஆஸ்திரியாவில் வந்த கஸ் பரிசோதனை. மொத்தம் 20 புள்ளி. முதல் 5 புள்ளி வாயில் எதுவும் கொடுக்காமலே பார்ப்பது: 15 நிமிடம் விழிப்பாக இருக்கிறாரா, சொன்னால் இருமவோ தொண்டையைச் செருமவோ முடிகிறதா, எச்சிலை விழுங்குகிறாரா, எச்சில் வழிகிறதா, விழுங்கியபின் குரல் ஈரமாக மாறுகிறதா. ஐந்தும் கிடைக்காவிட்டால் அங்கேயே நிறுத்த வேண்டும்.

கிடைத்தால் முதலில் கூழ் பதம்: மூன்றில் ஒரு பங்கிலிருந்து அரை டீஸ்பூன், சரியாக இருந்தால் மேலும் 3 முதல் 5 ஸ்பூன். அடுத்து திரவம்: 3, 5, 10, 20 மி.லி., கடைசியில் 50 மி.லி. அதன்பின் காய்ந்த ரொட்டித் துண்டு. ஒவ்வொன்றுக்கும் 5 புள்ளி. ஒரு கட்டத்தில் தவறினால் அடுத்ததற்குப் போகக்கூடாது. தண்ணீருக்கு முன் கூழ் வருவதற்குக் காரணம், ஸ்ட்ரோக்கில் திரவத்தைக் கட்டுப்படுத்துவதுதான் பலருக்கும் கடினம். 20 வந்தால் கோளாறு இல்லை அல்லது மிகக் குறைவு, 15–19 லேசானது, 10–14 நடுத்தரம், 9 அல்லது அதற்குக் கீழே கடுமையானது, வாய்வழி எதுவும் வேண்டாம்.

#3 வார்டு_சிஸ்டர்

இந்தப் பரிசோதனை கெட்டுப்போவது பெரும்பாலும் தயாரிப்பில்தான்.

வாயைச் சுத்தம் செய்யாமல் ஆரம்பிப்பது முதல் தப்பு. காய்ந்த சளி அண்ணத்தில் ஒட்டியிருந்தால் முதல் ஸ்பூனோடு அதுவும் உள்ளே போகும். பல்செட் இருந்தால் போட்டபிறகே பாருங்கள். கட்டிலின் தலைப்பக்கத்தை மட்டும் தூக்கினால் நோயாளி கீழே சரிந்து, வயிறு மடங்கி, தாடை மேலே பார்க்கும், மூச்சுவழி திறந்துகொள்ளும். இடுப்பை மேலே இழுத்து, முழங்காலுக்கடியில் தலையணை வைத்து, வலுவிழந்த பக்கத் தோளுக்கு அணை கொடுத்துவிட்டு அப்புறம் ஸ்பூனை எடுங்கள்.

விழுங்கியதும் "ஆ" சொல்லச் சொல்லுங்கள். நீருக்குள்ளிருந்து வருவதுபோல் கொழகொழவென்று குரல் வந்தால் குரல்நாண் மேல் ஏதோ நிற்கிறது. விரல்நுனியில் ஆக்ஸிமீட்டர் (ரத்த ஆக்ஸிஜன் அளவி) மாட்டி "சாச்சுரேஷன் குறையவில்லை, அதனால் உள்ளே போகவில்லை" என்று தீர்மானிப்பதும் தவறு, அது நம்பத்தக்கதல்ல.

காலையில் பாஸானவர் சாயங்காலம் தூக்கக் கலக்கத்தில் இருந்தால் அந்த ரிசல்ட் செல்லாது. இதைக் கூட இருப்பவர்களிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

#4 ஆய்வுப்பக்கம்

90 மி.லி. தண்ணீர்ப் பரிசோதனையையும் சேர்க்க வேண்டும். கஸ் செய்ய ஆள் இல்லாத இடத்தில் இது நடைமுறைக்கு எளிது. நிமிர்ந்து உட்கார வைத்து, கப்பிலோ ஸ்ட்ராவிலோ 90 மி.லி.யை நிறுத்தாமல் குடிக்கச் சொல்வது. நடுவில் நிறுத்தினாலோ, குடிக்கும்போதோ முடித்த ஒரு நிமிடத்துக்குள்ளோ இருமினாலோ ஃபெயில். விழிப்பில்லாதவர், டிரக்கியாஸ்டமி (கழுத்தில் துளையிட்டு வைத்த சுவாசக் குழாய்) உள்ளவர், தலையை 30 டிகிரிக்கு மேல் உயர்த்தக்கூடாதவர், ஏற்கனவே கெட்டித் திரவத்தில் இருப்பவர், இவர்களுக்குச் செய்யக்கூடாது.

சூட்டர், லெடர் இருவரும் 2008-ல் 3,000 நோயாளிகளில் எண்டோஸ்கோப்போடு ஒப்பிட்டார்கள். திரவம் மூச்சுக்குழலுக்குள் போகிறவர்களைக் கண்டுபிடிக்கும் திறன் 96.5%. ஆனால் போகாதவர்களைச் சரியாக விடுவிக்கும் திறன் 48.7% மட்டும்.

#5 நியூரோ_பிஜி

> 90 மி.லி.யை நிறுத்தாமல்

புரையேறும் வாய்ப்புள்ளவருக்கு ஒரேயடியாக அவ்வளவு கொடுப்பது ஆபத்தில்லையா? 5 மி.லி. போதாதா?

#6 ஆய்வுப்பக்கம்

5 மி.லி.யில்தான் ஏமாறுவோம். சிறிய அளவு உள்ளே போனால் இருமலைத் தூண்டாமல் போகலாம். அதே ஆள் 90 மி.லி.யில் இருமுவார். சத்தமில்லாமல் உள்ளே போவது அளவைப் பொறுத்து மாறுகிறது என்று லெடர் குழு 2011-ல் காட்டியது. வாய் சுத்தமாக இருந்து, உள்ளே போனது வெறும் தண்ணீர் என்றால் நுரையீரல் பெரும்பாலும் சமாளித்துவிடும்.

பெரிய ஆபத்து 48.7-ல் இருக்கிறது. உள்ளே எதுவும் போகாதவர்களில் பாதிப்பேர் வீணாக ஃபெயிலாகிறார்கள். அந்த ஒரு ரிசல்ட்டை வைத்து வாரக்கணக்கில் ரைல்ஸ் டியூபோடு விட்டுவிடுவதுதான் நம் பக்கத்தில் நடக்கும் அநியாயம். ஃபெயில் என்றால் "அடுத்த பரிசோதனைக்கு அனுப்பு" என்று மட்டுமே பொருள்.

#7 இ.என்.டி_கேமரா

அந்த அடுத்த பரிசோதனை இரண்டு வகை. பேரியம் கலந்த உணவைக் கொடுத்து எக்ஸ்ரே வீடியோ எடுப்பது, ஜெரி லோகெமன் வளர்த்தெடுத்தது. மூக்குவழி மெல்லிய எண்டோஸ்கோப்பை இறக்கி மேலிருந்து பார்ப்பது, சூசன் லாங்மோர் குழு 1988-ல் வெளியிட்டது. எது உசத்தி என்ற சண்டை வேண்டாம். இரண்டும் வேறு வேறு விஷயங்களைக் காட்டுகின்றன.

எண்டோஸ்கோப்பைக் கட்டிலுக்கே கொண்டுபோகலாம், கதிர்வீச்சு இல்லை, சாதாரண உணவையே கொடுக்கலாம். உணவு கொடுக்கும் முன்பே ஒரு நிமிடம் சும்மா பாருங்கள். எச்சில் குளம்போல் குரல்வளை வாசலில் தேங்கி நின்று, நோயாளி அதை உணராமல் இருந்தால் பாதி விடை அங்கேயே கிடைத்துவிட்டது. மரத்துப்போகும் மருந்தைத் தாராளமாக அடிக்காதீர்கள். தொண்டைக்கு வழிந்தால் நீங்களே உணர்ச்சியைக் கெடுத்துவிட்டு உணர்ச்சி இல்லை என்று எழுதுவீர்கள். பாலில் பச்சை அல்லது நீலச் சாயம் கலந்தால் தடம் தெளிவாகத் தெரியும். விழுங்கும் கணத்தில் தொண்டைச் சுவர் லென்ஸின் மேல் மூடிப் படம் வெள்ளையாகிவிடும். அந்த நொடியில் உள்ளே போனது நேரடியாகத் தெரியாது. அதனால் ஒவ்வொரு விழுங்கலுக்குப் பிறகும் ஸ்கோப்பைச் சற்று இறக்கி, குரல்நாணுக்குக் கீழே முன்சுவரில் சாயம் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் "நார்மல்" என்று எழுதப்படும் ரிப்போர்ட்டுகள் உண்டு.

எக்ஸ்ரே வீடியோவில் வாய்க்கட்டம், நாக்கின் தள்ளல், குரல்வளை எழும்புவது, உணவுக்குழாயின் மேல்வாய் திறப்பது எல்லாம் ஒரே ஓட்டத்தில் தெரியும். ஆனால் கதிர்வீச்சைக் குறைக்கிறேன் என்று நொடிக்கு 30 எக்ஸ்ரே பல்ஸை 15 ஆக்காதீர்கள். விழுங்கும் வேலை ஒரு நொடி விவகாரம். பாதிப் படங்களை இழந்தால் தீர்ப்பே மாறும் என்று போனில்யா குழு 2013-ல் காட்டியிருக்கிறது.

ரிப்போர்ட்டில் ரோசன்பெக் அளவுகோல் எண்ணைக் (1996) கட்டாயம் போடுங்கள். 1 என்றால் மூச்சுவழிக்குள் எதுவும் நுழையவில்லை. 2 முதல் 5 வரை குரல்நாணுக்கு மேலோ அதன் மட்டத்திலோ நின்றது. 6 முதல் 8 வரை குரல்நாணைத் தாண்டிக் கீழே போனது. 8 என்றால் கீழே போயும் வெளியேற்ற முயற்சியே இல்லை. டாக்டர் தலைப்பில் கேட்ட கேள்விக்கு விடை அந்த எட்டாம் எண்தான்.

#8 தொண்டைவழி

சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். "உள்ளே போகிறதா" என்பதைவிட "ஏன், எப்போது போகிறது" என்பதுதான் சிகிச்சையைத் தீர்மானிக்கிறது.

விழுங்கல் தொடங்கத் தாமதமாகி, நாக்கின் அடிப்பள்ளத்தில் காத்திருக்கும் திரவம் முன்கூட்டியே சரிந்தால், தாடையை நெஞ்சோடு இறக்குவது உதவலாம். அதே உத்தியைக் குரல்வளையின் பக்கக் குழிகளில் தேக்கம் உள்ளவருக்குச் சொன்னால், குழியில் இருப்பதை மூச்சுவழிக்குள் கவிழ்க்கிறோம்.

முகுளத்தின் (மூளைத்தண்டின் கீழ்ப்பகுதி) பக்கவாட்டில் அடைப்பு வரும் வாலன்பெர்க் நோயாளியை எடுத்துக்கொள்ளுங்கள். கை கால் வலு நன்றாக இருக்கும், பேசுவார், ஆனால் எச்சிலைக்கூடத் துப்பிக்கொண்டே இருப்பார். உணவுக்குழாயின் மேல்வாய் திறக்கவில்லை. ஒரு பக்கக் குழி நிரம்பி வழிகிறது. இவருக்குக் கெட்டியாகக் கொடுத்தால் தேக்கம் கூடும். தலையை வலுவிழந்த பக்கம் முழுதாகத் திருப்பி விழுங்கச் சொன்னால் அந்தப் பக்கக் குழி மூடி, நல்ல பக்கம் வழியாக உணவு இறங்கும், மேல்வாயும் சற்று கூடுதலாகத் திறக்கும். இவருக்கும் "கெட்டியாகக் கொடுங்கள்" என்றே எழுதுகிறார்கள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மயஸ்தீனியாவில் (தசைகள் சீக்கிரம் களைத்துப்போகும் நோய்) இன்னொரு பொறி: முதல் ஐந்து வாய் அழகாக இறங்கும், சாப்பாட்டின் பாதியில் தசை களைத்துப் புரையேறும். காலையில் 90 மி.லி. பாஸ் என்பதை வைத்து எதையும் சொல்ல முடியாது. அதற்கான மருந்தான பைரிடோஸ்டிக்மைன் கொடுத்துச் சுமார் ஒரு மணி நேரம் கழித்து முக்கியச் சாப்பாடு. அளவு குறைவாக, பல தடவை.

#9 ஆய்வுப்பக்கம்

கெட்டியாக்கிக்கு வருவோம். பெரிய ஆய்வு அமெரிக்காவில் டிமென்ஷியா, பார்க்கின்சன் நோயாளிகளில் நடந்தது; 2008-ல் இரண்டு பகுதியாக வந்தது. எக்ஸ்ரே வீடியோப் பகுதியில் 711 பேர். தாடையை இறக்கி மெல்லிய திரவம் குடித்தபோது 68 சதவீதத்தினருக்கு உள்ளே போனது. நெக்டர் பதத்தில் (லேசான கெட்டி) 63, தேன் பதத்தில் 53. ஆக, கெட்டியானால் குறைகிறது என்பது உண்மை. அதே சமயம் தேன் பதத்திலும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு உள்ளே போயிருக்கிறது.

அடுத்த பகுதியில் 515 பேரை மூன்று மாதம் கவனித்தார்கள். நிமோனியா 11% பேருக்கு. தாடை இறக்கிய குழுவுக்கும் கெட்டித் திரவக் குழுக்களுக்கும் உறுதியான வித்தியாசம் இல்லை. நீரிழப்பு கெட்டித் திரவத்தில் 6%, தாடை இறக்கியவர்களில் 2%. நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களின் இடைநிலை: தேன் பதக் குழு 18, நெக்டர் 4, தாடை இறக்கியவர்கள் 6. கெட்டியான பொருள் உள்ளே போய்விட்டால் நுரையீரலால் அதை வெளியேற்றுவது கடினம்.

ஆகவே திரையில் பார்த்து இவருக்கு இந்தப் பதத்தில் குறைகிறது என்று தெரிந்தால் கொடுக்கலாம். எல்லோருக்கும் பொதுவாக எழுதக்கூடாது.

#10 டயட்_கிச்சன்

"கெட்டியாக" என்ற சொல்லே பிரச்சினை. ஒரு வீட்டில் அது மோர், இன்னொரு வீட்டில் களி. இட்சி என்ற சர்வதேச அளவுமுறையில் 0 முதல் 7 வரை படிகள். திரவங்களை வெறும் சிரிஞ்சிலேயே அளந்துவிடலாம்:

10 மி.லி. சிரிஞ்சின் பிஸ்டனைக் கழற்றுங்கள். 0 முதல் 10 வரையான கோடுகளின் நீளம் 61.5 மி.மீ. இருக்கிறதா என்று ஸ்கேலால் பாருங்கள். எல்லாக் கம்பெனி சிரிஞ்சும் ஒரே நீளம் இல்லை. வேறு நீளம் என்றால் அளவு தப்பும். சிரிஞ்சின் மூக்கை விரலால் அடைத்து 10 வரை ஊற்றி, விரலை எடுத்து 10 நொடி ஓடவிட்டு மறுபடி அடைக்கவும். மீதி 1 மி.லி.க்குக் குறைவு என்றால் படி 0. 1–4 மீதி என்றால் படி 1. 4–8 என்றால் படி 2. 8-க்கு மேல் நின்று கொஞ்சமாவது ஓடினால் படி 3. ஒரு சொட்டும் ஓடவில்லை என்றால் படி 4. அதை ஸ்பூனைச் சாய்த்துப் பார்க்க வேண்டும்: பெரும்பகுதி ஒரே கட்டியாக விழணும், ஸ்பூனில் பசைபோல் ஒட்டக்கூடாது. கேழ்வரகுக் களி இங்கேதான் தோற்கும்.

கஞ்சியை அளக்கும்போது பருக்கை சிரிஞ்சின் மூக்கில் அடைத்துக்கொண்டு படி 4 போல் காட்டும். வடிகட்டிவிட்டு அளங்கள். பரிமாறும் சூட்டில் அளங்கள், ஆறினால் இறுகும்.

கஞ்சியில் இன்னொரு வில்லங்கம். அரிசி, சோளமாவு இரண்டுமே ஸ்டார்ச். எச்சிலில் உள்ள அமைலேஸ் ஸ்டார்ச்சை உடைத்துவிடும். வாயில் வைத்த ஸ்பூனை மறுபடி கிண்ணத்தில் போட்டு ஊட்டினால், சாப்பாடு முடியும் முன்பே கிண்ணத்தின் ஓரத்தில் நீர் விடுவதைக் கண்ணால் பார்க்கலாம். கடைசி ஸ்பூன்கள் மெல்லிய திரவமாகவே போகும். தொண்டைப் பள்ளத்தில் தங்கியதும் இப்படியே இளகிக் கீழே சொட்டும். வேளைக்குக் கொஞ்சமாகத் தனிக் கிண்ணத்தில் எடுத்து ஊட்டுங்கள். சாந்தன் கம் வகை கெட்டியாக்கி அமைலேஸுக்கு அசையாது, வைத்த பதத்திலேயே நிற்கும்; விலைதான் அதிகம்.

ரசம் சாதம், பாலில் ஊறிய பிஸ்கட், நீர்விட்ட தயிர் சாதம் மூன்றும் ஒரே வாயில் திரவமும் திடமும். மெல்லும்போதே திரவம் தனியாக ஓடிவிடும். கோளாறு உள்ளவர்களுக்கு இது மிகக் கடினமான பதம், நாம் லேசான சாப்பாடு என்று நினைத்து முதலில் கொடுப்பதும் அதையே. உலர்ந்த இட்லி உதிரியாகச் சிதறும். கெட்டிச் சாம்பாரில் முழுதும் ஊறவைத்து, மேலே நிற்கும் நீரை வடித்து, முள்கரண்டியால் மசித்துப் பாருங்கள். துணுக்குகள் முள்களின் இடைவெளிக்குள், அதாவது 4 மி.மீ.க்குள் அடங்கினால்தான் பெரியவர்களுக்குப் படி 5.

#11 வார்டு_சிஸ்டர்

மேடம் சொன்ன ஸ்டார்ச் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் பாலிஎத்திலீன் கிளைக்கால் பவுடரை ஸ்டார்ச் கெட்டியாக்கி கலந்த நீரில் கரைத்தால் கெட்டித்தன்மை போய்த் தண்ணீராகிவிடும். பிரிட்டனின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2021-ல் இதற்கென்றே எச்சரிக்கை விட்டது. பார்க்கின்சன் நோயாளிகளுக்கு இரண்டும் ஒரே சீட்டில் இருப்பது சகஜம்.

அப்புறம் டியூப். ரைல்ஸ் டியூப் போட்டால் நிமோனியா வராது என்று நினைப்பவர்கள் அதிகம். எச்சில் டியூப் வழியாகப் போவதில்லை, வாயில்தான் ஊறுகிறது. வயிற்றிலிருந்து மேலே வருவதும் நிற்காது. யோனெயாமா குழு ஜப்பானின் முதியோர் இல்லங்களில் இரண்டு வருடம் பார்த்து 2002-ல் வெளியிட்டது: சாப்பாட்டுக்குப்பின் பல் துலக்கிவிட்ட குழுவில் நிமோனியா 11%, மற்றதில் 19%. லாங்மோரின் 1998 ஆய்விலும் நிமோனியாவை முன்கூட்டிக் காட்டியவை அடுத்தவர் ஊட்டுவது, அடுத்தவர் வாய் சுத்தம் செய்ய வேண்டிய நிலை, சொத்தைப் பற்கள், டியூப் உணவு போன்றவை. டியூப் உள்ளவருக்கும் பிரஷ் வேண்டும். பஞ்சால் உதட்டைத் துடைப்பது வாய் சுத்தமாகாது: நாக்கு, அண்ணம், கன்னத்தின் உட்புறம், கடைவாய். சக்‌ஷனை (எச்சில் உறிஞ்சும் குழாய்) கையில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

டியூப் வயிற்றில் இருக்கிறதா என்பதைக் காற்றடித்து ஸ்டெதாஸ்கோப்பில் கேட்டு முடிவு செய்யாதீர்கள். உறிஞ்சிய நீரின் பி.எச். 5.5 அல்லது கீழே, இல்லையென்றால் எக்ஸ்ரே. அமிலம் குறைக்கும் மாத்திரை ஓடினால் பி.எச். ஏறியே இருக்கும், அப்போதும் எக்ஸ்ரே.

#12 நியூரோ_பிஜி

வயிற்றில் துளையிட்டுப் போடும் பெக் டியூபுக்கு எப்போது போகலாம்? பயிற்சியும் கரண்டும் பற்றி யாராவது.

#13 ஆய்வுப்பக்கம்

2005-ன் ஃபுட் ட்ரையல் என்ற ஆய்வு: ஆரம்பத்திலேயே ரைல்ஸ் டியூபா பெக்கா என்று 321 ஸ்ட்ரோக் நோயாளிகளில் பார்த்தபோது, பெக் குழுவில் மரணம் அல்லது மோசமான விளைவு 7.8 சதவீதப் புள்ளி அதிகம். முதல் இரண்டு மூன்று வாரம் ரைல்ஸ் டியூபே சரி. அதற்குமேலும் நீளும் என்று தெரிந்தால் பெக். தசைகளை இயக்கும் நரம்புகள் படிப்படியாகச் செயலிழக்கும் ஏ.எல்.எஸ். நோயாளிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. மூச்சுத்திறன் 50 சதவீதத்துக்குக் கீழே இறங்கும் முன்பே பெக் போடுவது பாதுகாப்பு.

கழுத்துத் தோலில் ஒட்டும் மின்தூண்டல் பற்றி: ஹம்பர்ட் குழு 2006-ல் ஆரோக்கியமானவர்களிடம் பார்த்தது. ஓய்வில் தூண்டினால் குரல்வளை கீழே இழுக்கப்படுகிறது. தூண்டலோடு விழுங்கினால் வழக்கத்தைவிடக் குறைவாக எழும்புகிறது. தோலுக்கு அருகே இருக்கும், குரல்வளையைக் கீழே இழுக்கும் தசைகளே முதலில் கரண்டை வாங்கிக்கொள்கின்றன. அதோடு கடும் பயிற்சியும் சேர்த்தால் பலன் என்கிறவர்கள் இருக்கிறார்கள். மெஷினை மட்டும் ஒட்டிவிட்டுப் பில் போடுவதை நான் ஏற்கமாட்டேன்.

மூக்குவழி குழாயில் எலக்ட்ரோடு வைத்துத் தொண்டைக்குள்ளேயே தூண்டுவது வேறு விஷயம். மான்செஸ்டரில் ஹம்டி குழு தொடங்கியது. 2016-ல் 162 ஸ்ட்ரோக் நோயாளிகளில் பலன் தெரியவில்லை. 2018-ல் டிரக்கியாஸ்டமி உள்ள 69 ஸ்ட்ரோக் நோயாளிகளில், தினம் 10 நிமிடம், மூன்று நாள் செய்தபின் 49% பேர் டிரக்கியாஸ்டமி குழாயை அகற்றத் தயாரானார்கள். பொய்ச் சிகிச்சைக் குழுவில் 9%. குறிப்பிட்ட வகை நோயாளிக்கு நல்ல ஆதாரம். மற்றவர்களுக்கு நீட்டக்கூடாது.

#14 தொண்டைவழி

பயிற்சியிலும் காரணம் பார்த்தே தேர்வு.

உணவுக்குழாயின் மேல்வாய் திறக்காதவருக்கு ஷேக்கர் பயிற்சி: மட்டமாகப் படுத்து, தோள் தரையிலேயே இருக்க, தலையை மட்டும் தூக்கிக் கால் விரலைப் பார்க்க வேண்டும். ஒரு நிமிடம் பிடித்து ஒரு நிமிடம் ஓய்வு, மூன்று முறை. பிறகு பிடிக்காமல் 30 முறை தூக்கி இறக்குவது. தினம் மூன்று வேளை, ஆறு வாரம். கழுத்தெலும்புத் தேய்மானம் உள்ளவருக்கு வேண்டாம். வயதானவர்கள் பாதியில் விட்டுவிடுவதும் இதில்தான் அதிகம். மாற்று 2014-ல் சிங்கப்பூரிலிருந்து வந்தது: உட்கார்ந்தபடி 12 செ.மீ. ரப்பர் பந்தைத் தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே வைத்து அழுத்துவது. சுலபமாகச் செய்வார்கள்.

பார்க்கின்சனில் மூச்சை எதிர்ப்புக்கு எதிராக ஊதும் பயிற்சிக்கு நல்ல ஆதாரம். ட்ரோச் குழு, 2010, 60 நோயாளிகள். அதிகபட்ச ஊதும் அழுத்தத்தில் 75 சதவீதத்துக்குக் கருவியைத் திருகி வைத்து, 5 ஊதல் வீதம் 5 சுற்று, வாரம் 5 நாள், 4 வாரம். வாராவாரம் அழுத்தத்தை மறுபடி அளந்து திருகை ஏற்ற வேண்டும். முதல் வார அளவிலேயே விட்டால் தசைக்கு வேலை இல்லை. கட்டுப்படாத பி.பி., குடலிறக்கம், சமீபத்திய வயிற்று ஆபரேஷன் இருந்தால் கொடுக்காதீர்கள்.

நாக்கைப் பல்லிடையே கடித்து விழுங்கும் மசாக்கோ பயிற்சியை உணவோடு செய்யவே கூடாது. மூச்சை அடக்கி விழுங்கி உடனே இருமும் உத்தியில் இதயத் துடிப்புக் கோளாறு வந்ததாக 2002-ல் பதிவு இருக்கிறது. இதய நோயும் சேர்ந்த ஸ்ட்ரோக் நோயாளிக்கு அதைத் தவிர்க்கலாம். மயஸ்தீனியாவுக்குக் களைக்கும் அளவு எந்தப் பயிற்சியும் கிடையாது.

#15 நியூரோ_பிஜி

கடைசியாக மாத்திரை. பொடித்து டியூபில் விடலாமா, கூழில் கலக்கலாமா?

#16 வார்டு_சிஸ்டர்

பெயருக்குப் பின்னால் சி.ஆர்., எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர். (மருந்தை மெதுவாக வெளிவிடும் வகை) இருந்தால் பொடிக்காதீர்கள். வலிப்பு மருந்தான வால்ப்ரோயேட்டுக்கு சிரப் இருக்கிறது, ஆனால் வாய்வழி கொடுக்கும்போது அது மெல்லிய திரவம் என்பதை மறக்க வேண்டாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் டபிகட்ரான் கேப்ஸ்யூலைத் திறக்கவே கூடாது. உள்ளிருப்பதை வெளியே எடுத்தால் உடலில் சேரும் அளவு சுமார் 75% கூடி ரத்தக்கசிவில் முடியலாம். டியூப் உள்ளவருக்கு அதே வகையான அபிக்ஸபானைப் பொடித்துத் தண்ணீரில் விடலாம். ஃபெனிட்டாயின் (இதுவும் வலிப்பு மருந்து) டியூப் உணவோடு சேர்ந்தால் சரியாக உறிஞ்சப்படாது. கொடுப்பதற்கு முன்னும் பின்னும் ஒன்றிரண்டு மணி நேரம் உணவை நிறுத்துங்கள், ரத்த அளவைப் பாருங்கள்.

பார்க்கின்சன் மருந்தான லெவோடோபா சாப்பாட்டுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு. மருந்து பிடித்திருக்கும் நேரத்தில் சாப்பாடு வரணும். சமையல்கட்டு மணியை மருந்து மணிக்கு ஏற்ப மாற்றச் சொல்லி டிஸ்சார்ஜ் சீட்டிலேயே நேரம் எழுதிக் கொடுங்கள் டாக்டர். "உணவுக்கு முன்" என்று மட்டும் எழுதினால் ஐந்து நிமிடம் முன்புதான் கொடுப்பார்கள்.